மூன்றாவது கீச்சு

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் "மறுபடி". வைத்தவர் அவருடைய மச்சான், பட்டறையின் முதலாளி. கார்களுக்குப் பாட்டுப்பெட்டி, பின்பக்கக் கேமரா, சீட் உறை என்று எல்லாம் மாட்டிக் கொடுக்கிற இடம் அது. ஒயர் வேலை முழுக்க இவர் கையில். ஒரு விளக்கை மாட்டினால் எரிகிறதா என்று பார்ப்பார். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார். வண்டிக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் நேரத்தில் கையைத் தட்டி நிறுத்துவார். "ஒரே நிமிஷம் சார், மறுபடி ஒரு தடவை பார்த்துடுறேன்."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டுப் பாதி வழி வந்தவர், தாளில் பதிவெண் எழுதினோமா என்று திரும்பி ஓடியிருக்கிறார். பிறகு ஃப்ரிட்ஜ் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நகரும் பட்டையில் வருகிற ஒயர்க் கட்டுகளைச் சோதித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதித்தார். அடுத்தடுத்து நின்ற பதினோரு பேர் கையைக் கட்டிக்கொண்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டாவது மாதம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "உங்க வேலையில இதுவரைக்கும் ஒரு தப்பு இல்ல. ஆனா உங்க கூட யாராலயும் வேலை செய்ய முடியல" என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். இந்தக் கதையை இவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சிரிக்க முடியாதவர் அவருடைய மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃப்ரேமில் பொருத்துகிறவர். மயிரிழை பிசகாமல் வேலை செய்வார், முடித்ததும் அதை மறந்தும்போவார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போன கணவருக்காக அவர் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் இரண்டு மாதம் சம்பளத்தோடு லீவு எடுத்த மாதிரி ஆகும்.

அந்த வருஷம் அது ரயில் வரைக்கும் போயிற்று. மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பி, ஸ்டேஷனுக்கு வந்து, பெட்டிகளை இறக்கிய பிறகு, இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினோமா என்று இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பத்து நிமிஷம்" என்று ஆட்டோ பிடித்துப் போனார். ப்ளக் பிடுங்கித்தான் இருந்தது. திரும்பி வரும்போது ரயில் போயிருந்தது. மனைவி மட்டும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை, மனைவி காபி டம்ளரை இவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம். எதையும் ஒரு தடவைதான் பார்க்கணும். ரெண்டாவது தடவை பார்க்கணும்னு தோணிச்சுன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க. நான் திட்டுறேன், சரியாயிடும்."

"சரி" என்றார்.

"எங்கே, மறுபடி சொல்லுங்க" என்றார் மனைவி. அதற்கு மட்டும் இவருக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஒரு மாதத்தின் நான்காவது நாள் ஒரு கணக்கு டீச்சரின் கார் பட்டறைக்கு வந்தது.

டீச்சரோடு அவர் கணவரும் வந்திருந்தார். குடிநீர் நிலையத்தில் முப்பது வருஷம் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெயிலில் கொதித்துக் கிடக்கிற காரில் ஏறினால் அவருக்கு மூச்சு முட்டியது. அவர்கள் குடியிருப்பில் கார் நிற்பது திறந்த வெளியில். டீச்சர் மாடியிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ பட்டனை அமுக்க வேண்டும், கார் தானாகக் கிளம்பி ஏசி ஓட வேண்டும், பத்து நிமிஷம் கழித்து அவர் வந்து ஏற வேண்டும். ரிமோட் ஸ்டார்ட் வேண்டும் என்றார்கள்.

"ஸ்கூல் கேட்ல இருந்து அமுக்கினா எங்க வீட்டு வாசல்ல ஸ்டார்ட் ஆகுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"முந்நூறு மீட்டர் வரைக்கும் ஆகும் மேடம்."

"நூத்தி எண்பதுதான். அளந்துட்டேன்" என்றார் டீச்சர். "இன்னொண்ணு. வண்டியில எங்கேயும் ஓட்டை போடக் கூடாது. துரு பிடிக்கும்."

வேலை சிக்கலானது. அந்தக் காருக்குக் கம்பெனியே அலாரம் வைத்து அனுப்பியிருந்தது. சாவி இல்லாமல் எஞ்சின் உறுமினால் திருடன் வந்துவிட்டான் என்று அது ஊரைக் கூட்டும். அதனால் புதிதாக மாட்டுகிற பெட்டி முதலில் அலாரத்துக்கு "வந்திருப்பது வீட்டு ஆள்தான்" என்று ஒரு சமிக்ஞை கொடுத்து அதை அடக்க வேண்டும், பிறகுதான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றி, மல்லாந்து படுத்து, டெஸ்டரால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து அந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்குள் அலாரம் இரண்டு முறை அலறிவிட்டது. "மாமா, எனக்கு ஏற்கெனவே ஒரு காதுதான் கேக்குது" என்று மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

இன்னொரு காரியமும் உண்டு. பானட்டைத் திறந்து யாராவது உள்ளே கை வைத்திருக்கும்போது, எங்கிருந்தோ ஒருவர் பட்டனை அமுக்கி எஞ்சின் கிளம்பிவிட்டால் விரல் மிஞ்சாது. அதற்காகப் பெட்டியோடு ஒரு சின்ன ஸ்விட்ச் வரும். பானட்டின் விளிம்பில் ஒரு துளை போட்டு மாட்டினால், பானட் திறந்திருக்கும் வரை எஞ்சின் கிளம்பாது. டீச்சர்தான் ஓட்டை கூடாது என்றுவிட்டாரே. கம்பெனி அலாரத்துக்கு ஏற்கெனவே பானட்டில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அலாரத்திலிருந்தே அந்தத் தகவலை வாங்கிக்கொள்ளும்படி ஒயரை இணைத்தார். முன்பும் சில வண்டிகளுக்கு அப்படிச் செய்ததுண்டு.

எல்லாவற்றையும் ஒரு தடவை சோதித்தார். பானட்டைத் தூக்கி வைத்து அமுக்கினார். கிளம்பவில்லை. மூடிவிட்டு அமுக்கினார். கிளம்பியது. குளிர்ந்த காற்று வந்தது. கை மறுபடி ரிமோட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு இருவரும் வண்டியை எடுத்துப் போனார்கள். "நாலரைக்குப் பரீட்சை முடியும். கேட்டுக்கு வந்ததும் அமுக்குவேன். அஞ்சு மணிக்கு இவருக்கு டாக்டர்கிட்ட போகணும்" என்றார் டீச்சர். ஒரு ரிமோட் அவர் பைக்குள் போனது. இன்னொன்று பம்புக்காரரின் சட்டைப் பையில்.

மூன்று இருபதுக்கு யாரோ ஒருவர் சீட் உறை பார்க்க வந்து தன் காரை வெளியே நிறுத்திப் பூட்டினார். கீச், கீச் என்று இரண்டு முறை சத்தம். இவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

காலையில் டீச்சர் வீட்டுக் கார் வந்தபோது மூன்று கீச்சு கேட்டது.

நன்றாக நினைவிருந்தது. வண்டியை நிறுத்தியதும் பம்புக்காரர் இறங்கி, பானட்டைத் திறந்து வைத்து, பிறகு ரிமோட்டால் கதவுகளைப் பூட்டினார். "உள்ள பை இருக்கு. பானட்ல குனிஞ்சிருக்கும்போது எவனாவது எடுத்துட்டுப் போயிட்டான்னா? எப்பவுமே பூட்டிட்டுத்தான் குனிவேன்" என்றார். தினமும் எஞ்சின் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்றும் சொன்னார். அப்போதுதான் அந்த மூன்றாவது கீச்சு. பானட் திறந்திருக்கிறது என்று அலாரம் ஒரு தடவை முனகிவிட்டுப் பூட்டிக்கொண்டது.

முனகிவிட்டு என்ன செய்தது? திறந்தே இருக்கிற பானட்டோடு பூட்டினால், சில அலாரங்கள் அந்த ஸ்விட்சைக் கழித்துக் கட்டிவிட்டு மற்றதை மட்டும் காவல் காக்கும். அப்படியானால் புதுப் பெட்டி கேட்கும்போது "பானட் மூடித்தான் இருக்கிறது" என்று அது சொல்லிவிடும். இவர் சோதித்தது கதவுகள் பூட்டாத நிலையில். பூட்டிவிட்டு ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வழக்கமாக இரண்டாவது தடவையில் அதைத்தான் செய்வார்.

ஒயர்ப் படத்தை எடுத்து விரித்தார். அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சோதித்துப் பார்க்கப் பட்டறையில் அதே வகைக் கார் இல்லை. டீச்சருக்கு ஃபோன் செய்தார், அணைத்து வைத்திருந்தார். பரீட்சைக் கூடத்தில் வேறு எப்படி இருக்கும்? பம்புக்காரரின் எண்ணை இவர் வாங்கவேயில்லை.

வாக்குக் கொடுத்தபடி மனைவிக்கு ஃபோன் செய்தார். நின்றபடி, நடந்தபடி, வாசலுக்கும் மேசைக்குமாகப் போய் வந்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி கடையில் ஓடிக்கொண்டிருந்த லென்ஸ் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது இஸ்திரிப் பெட்டி மாதிரியா, இல்ல நிஜமாவேவா?"

"தெரியலயே. உள்ள ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

"உட்காருங்க. தண்ணி குடிங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சும் அதே மாதிரி இருந்தா கூப்பிடுங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றரை நிமிஷம் ஆகியிருந்தது. புதுச் சாமான் வாங்கியவர் சும்மா இருப்பாரா? முப்பது வருஷம் எஞ்சினைத் தடவிப் பார்த்த ஆள் வீட்டுக்குப் போனதும் பானட்டைத்தான் திறப்பார். பூட்டிவிட்டுத்தான் குனிவார். நாலரைக்கு டீச்சர் நூற்றி எண்பது மீட்டர் தள்ளி நின்று, அவர் நன்மைக்காக, பட்டனை அமுக்குவார்.

மூன்றாவது நிமிஷம் எழுந்துவிட்டார். கருவிப் பையைத் தோளில் மாட்டி, ஸ்கூட்டரை எடுத்தார். "எங்க மாமா?" என்று மச்சான் கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார்.

பில் புத்தகத்தில் எழுதியிருந்த விலாசம் நகரத்தின் மறுகோடி. முதல் சிக்னலில் சிவப்பு. இரண்டாவதிலும் சிவப்பு. பாலத்துக்குக் கீழே குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கமாக வண்டிகளை அனுப்பினார்கள். இவர் முறை வருவதற்குள் நாலு மணி ஆகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். ஒன்றுமில்லை, போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, அவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்பி அசட்டு முழி முழிக்கப் போகிறேன். அப்படியே இருக்கட்டும். முழிக்கிறேன். எத்தனையோ தடவை முழித்தாயிற்று. அடுத்த நொடியே அந்தப் பெல்ட்டும், அதன்மேல் ஒரு கையும் கண்ணுக்குள் வரும், வண்டி தானாக வேகம் பிடிக்கும்.

குடியிருப்பின் வாசலில் நுழையும்போது நாலு இருபத்தொன்று. வரிசையாக நின்ற கார்களில் ஒன்றின் பானட் மட்டும் தூக்கி நின்றது. அதற்குள் தலையை விட்டபடி பம்புக்காரர்.

"கையை எடுங்க சார்! கையை எடுங்க!"

குரல் கேட்டு இரண்டு மாடிகளில் ஜன்னல் திறந்தது. பம்புக்காரர் நிமிர்ந்து, பானட்டில் தலையை இடித்துக்கொண்டு, "யாருப்பா அது?" என்றார். பழைய பனியன் துணி ஒன்று கையில் இருந்தது.

ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லாமல் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி, அவர் தோளைப் பிடித்து நாலடி தள்ளி நிறுத்தினார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். பம்புக்காரர் கோபப்படவில்லை. மிஷின்காரர் இல்லையா, ஒரு சந்தேகம் என்றால் மதித்தார். "சரி, பார்த்துடுவோம். இதுல என்ன இருக்கு" என்று துணியை எஞ்சின் மேல் போட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். அமுக்கினார். கார் அசையவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். ஒன்றுமில்லை.

"பாருங்க. திறந்திருந்தா கிளம்பல. நீங்க காலையில காட்டினதுதானே?"

இவருக்குக் காது வரை சூடாயிற்று. இஸ்திரிப் பெட்டிதான். ஜன்னலில் நின்ற அம்மாள் இன்னும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க சார். பயந்துட்டேன்" என்றார்.

"அட, பரவாயில்ல. மேல வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. பூட்டிட்டு வர்றேன்."

அதுவரை கார் பூட்டாமல்தான் இருந்திருக்கிறது. காலையில் இருந்த பை இப்போது உள்ளே இல்லை. இவருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"பானட்டை மூடலயா சார்?"

"திரும்பி வந்து பார்க்கப்போறேனே, இருக்கட்டும்" என்று பம்புக்காரர் ரிமோட்டைக் காரை நோக்கி நீட்டிப் பூட்டினார். கீச், கீச், கீச்.

"இப்ப அமுக்கிப் பார்க்கலாம், ரிமோட்டைக் குடுங்க" என்று இவர் கையை நீட்டி வாங்கினார். விரல் இன்னும் பட்டனுக்குப் போகவில்லை, அதற்குள் விளக்குகள் இரண்டு முறை கண் சிமிட்டின. அலாரம் அடங்கியது. யாருமில்லாத காரின் எஞ்சின் உறுமிக் கிளம்பியது.

எஞ்சின் மேல் கிடந்த பனியன் துணியின் ஒரு முனையைப் பெல்ட் கவ்வியது. கண் இமைக்கிற நேரத்தில் முழுத் துணியும் உள்ளே போயிற்று. பட்பட்டென்று அடித்து, கிழிந்து, கறுத்த நார் நாராக அடியில் விழுந்தது. இவர் ரிமோட்டை அமுக்கி எஞ்சினை நிறுத்தினார். மூன்று தடவை அமுக்க வேண்டியிருந்தது.

பம்புக்காரர் தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே சுவரோரத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் டீச்சர் வந்தார், ஒரு கையில் விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் ரிமோட். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிருச்சு. அமுக்கினேனே, ஸ்டார்ட் ஆச்சா?" என்றவர், இரண்டு ஆண்களின் முகத்தையும், தரையில் கிடந்த நாரையும் பார்த்து நின்றுவிட்டார். இவர் எதையும் மறைக்கவில்லை. தன் தப்பு என்ன, எங்கே சோதிக்காமல் விட்டோம், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். டீச்சர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சட்டைக் கை உள்ள போயிருந்தா?" இவர் கருவிப் பையைத் திறந்தார்.

"தனி ஸ்விட்ச் மாட்டணும் மேடம். அலாரத்தை நம்பாம நேரா பெட்டிக்குப் போற மாதிரி. ஆனா ஒரு துளை போட்டாகணும்."

"எத்தனை வேணும்னாலும் போடுங்க" என்றார் டீச்சர். கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவர் கையைப் பிடித்து எண்ணெய்க் கறையைத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். அது போகிற கறையாக இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

துளை போட்டு, விளிம்புக்குத் துரு பிடிக்காத பெயிண்ட் தடவி, ஸ்விட்சை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பூட்டி, திறந்து, பூட்டாமல், பின்கதவு மட்டும் திறந்து என்று எத்தனை வகை உண்டோ அத்தனையிலும் சோதித்தார். டீச்சர் மிச்சமிருந்த வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். டாக்டரிடம் அன்று வாடகைக் காரில் போனார்கள்.

மனைவியிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள் இருந்தன. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மெதுவாக, "நான் உட்காருங்கன்னு சொன்னேன்" என்றார்.

"உட்கார்ந்தேனே. ரெண்டரை நிமிஷம்."

"அப்ப அடுப்பு?"

"அடுப்பு ஒரு தடவைதான்" என்றார். அதை அவர் பெரும்பாலும் காப்பாற்றினார்.

ஆனால் அன்றைய சாப்பாட்டின் நடுவிலேயே அவருக்கு மற்ற வண்டிகளின் நினைவு வந்துவிட்டது. ஓட்டை வேண்டாம் என்று சொன்னவர்கள் டீச்சருக்கு முன்னாலும் இருந்தார்கள். மறுநாள் மச்சானோடு உட்கார்ந்து பழைய பில்களைப் புரட்டியதில் ஆறு கார்கள் தேறின. "எவனும் ஒண்ணும் சொல்லலயே மாமா, நாமளே போய் எதுக்கு?" என்று மச்சான் முதலில் இழுத்தார். பனியன் துணியின் மிச்சத்தை இவர் மேசைமேல் எடுத்து வைத்ததும் ஃபோனை மச்சானே கையில் எடுத்தார்.

நான்கு பேர் அந்த வாரமே வந்தார்கள். ஐந்தாவது ஆள் ஒரு பல் டாக்டர். "நான் பானட்டைத் திறந்ததே இல்லை, விடுங்க" என்று ஃபோனை வைத்தார். இவர் க்ளினிக்குக்கே போய், பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், "வாயைத் திறங்க" என்றவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, வாசலிலேயே மாட்டிக் கொடுத்தார்.

ஆறாவது காரை அதன் சொந்தக்காரர் விற்றிருந்தார். வாங்கிய தரகர் இன்னொருவருக்கு விற்றிருந்தார், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். ஃபோன் எண் இல்லை, விலாசம் இல்லை. தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் சொல்லி வைத்தார், இரண்டு பெட்ரோல் பங்குகளில் தாள் ஒட்டினார். வண்டி எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையை மாற்றினால் சீட்டும் கூடவே புதுச் சட்டைக்கு மாறிவிடும்.

சாம்பல் நிறச் சின்னக் கார். அந்த நிறத்தில் எத்தனை ஆயிரம் கார்கள் ஓடுகின்றன என்பது அவருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. போன வாரம் ஒரு சிக்னலில் எண் பலகையில் சேறு அப்பி, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்து பொருந்துகிற மாதிரி ஒன்று நின்றது. ஸ்கூட்டரை ஒட்டி நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்த பெண் சந்தேகத்தோடு பாதி இறக்கினார்.

"இந்த வண்டியில ரிமோட் ஸ்டார்ட் இருக்கா மேடம்?"

"இல்லையே. ஏன்?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். "ஒண்ணுமில்ல, போங்க" என்று கையைக் காட்டிவிட்டு, அவர் அடுத்த வரிசைக் கார்களைப் பார்த்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.